ஆறுக்கும் ஆற்றுக்கும்: ஃபின்னிஷ் வேற்றுமைகள் பற்றி வாசகர் கேள்விகள்

ஃபின்னிஷ் மொழி கற்கத் தொடங்கியிருக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை வேற்றுமை உருபுகளைப் பற்றியே இருந்தன. எனவே இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

படிக்கும் முறை: ஃபின்னிஷ் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். க, த, ப மூன்றையும் எங்கு வந்தாலும் சொல்லின் முதலில் வருவதுபோல வன்மையாகவே ஒலியுங்கள். மென்மையான ஒலிக்கு “ட” மட்டும். குறில் குறிலாகவும் நெடில் நெடிலாகவும் இருக்க வேண்டும். இதில் சலுகையே கிடையாது. மேலே இரு புள்ளி வைத்த “அ” ஒன்று ஃபின்னிஷில் உண்டு. “பேங்க்” என்று சொல்லும்போது வாய் திறக்கும் ஒலி அது. அதற்கு எழுத்தின் பின் ’ குறி இட்டிருக்கிறோம்.

கேள்வி: தமிழில் 8 வேற்றுமைதான். ஃபின்னிஷில் 15 என்கிறார்கள். இத்தனையையும் எப்படி நினைவில் வைப்பது?

எண்ணிக்கையைப் பார்த்து மலைக்க வேண்டாம். “வீட்டுக்குள்ளே”, “வீட்டிலிருந்து”, “வீட்டின்மேல்”, “வீடாக”, “வீடின்றி” என்று நாம் சொல்லுருபு சேர்த்துச் சொல்வதையெல்லாம் தனித்தனி வேற்றுமையாக எண்ணினால் தமிழும் 15ஐத் தாண்டிவிடும். ஃபின்னிஷ் அவற்றை ஒவ்வோர் உருபில் முடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

“தலொ” என்றால் வீடு. தலொன் என்றால் வீட்டின், தலொஅ என்பது பார்ட்டிட்டிவ், அதாவது ஒரு பங்கையோ முடியாத செயலையோ காட்டும் வேற்றுமை (பிறகு விரிவாகச் சொல்கிறோம்). தலொஸ்ஸ என்றால் வீட்டுக்குள், தலொஸ்த என்றால் வீட்டுக்குள்ளிருந்து, தலோன் என்றால் வீட்டுக்குள்ளாக. தலொல்ல என்றால் வீட்டருகில் அல்லது வீட்டின்மேல், தலொல்த என்றால் அங்கிருந்து, தலொல்லெ என்றால் அவ்விடத்துக்கு. தலொன, தலொக்ஸி இரண்டும் “வீடாக”. எழுவாயையும் சேர்த்து 11 ஆயிற்று. அன்றாடப் பேச்சுக்கும் எழுத்துக்கும் இவை போதும். மிச்சமுள்ளவற்றில் மூன்று அரிதானவை. இன்னொன்றான அக்யூசட்டிவ் என்ற செயப்படுபொருள் வேற்றுமை தனி வடிவத்தோடு வருவது “என்னை”, “உன்னை”, “யாரை” போன்ற சில சொற்களில்தான். அதை எண்ணுவதா விடுவதா என்பதைப் பொறுத்தே சில நூல்கள் 14 என்றும் சில 15 என்றும் சொல்கின்றன.

உண்மையான கடினம் வேறு மூன்று இடங்களில் இருக்கிறது: உருபு சேரும்போது சொல்லின் உடல் மாறுவது, செயப்படுபொருளுக்கு எந்த வடிவம் என்று தீர்மானிப்பது, எந்த வினை எந்த வேற்றுமையைக் கேட்கிறது என்பது. உங்கள் நேரத்தை அங்கே செலவிடுங்கள்.

கேள்வி: இட வேற்றுமைகள் ஆறு எதற்கு? “இல்”, “இருந்து”, “க்கு” என்ற மூன்று போதாதா?

அதே மூன்றுதான், இரண்டு வரிசையாக வருகின்றன. உள்ளிடத்துக்கு “ஸ்” வரிசை: ஸ்ஸ, ஸ்த, அதோடு உயிர் நீண்டு ன் சேர்வது. வெளியிடத்துக்கு “ல்” வரிசை: ல்ல, ல்த, ல்லெ. எழுத்தைப் பார்த்தாலே குடும்பம் தெரிந்துவிடும்.

நாம் இடறுவது எங்கே என்றால், தமிழ் “இல்” உள்ளையும் வெளியையும் பிரிப்பதில்லை. “காரில் உட்கார்ந்திருக்கிறேன்”, “காரில் வந்தேன்” இரண்டுக்கும் நமக்கு ஒரே உருபு. ஃபின்னிஷில் முன்னது ஔதொஸ்ஸ, பின்னது ஔதொல்ல. ல்ல என்பது கருவிப் பொருளையும் சுமக்கிறது: யுனல்ல என்றால் ரயிலில், அதாவது ரயில் மூலம். தெருவில் என்பது கடுல்ல, கடற்கரையில் என்பது ரன்னல்ல, கடையில் என்பது கௌபஸ்ஸ. சுவர் சூழ்ந்த இடம் “ஸ்” வரிசை, திறந்த பரப்பு “ல்” வரிசை என்று தொடங்கினால் முக்கால் பங்கு சரியாக வரும்.

“க்கு” இன்னும் பெரிய பொறி. “கடைக்குப் போனேன்” என்றால் உள்ளே போவதால் கௌப்பான். “ஆசிரியருக்குப் போன் செய்கிறேன்” என்றால் ஆளிடம் சேர்வதால் ஒபெத்தயல்லெ. “எனக்குத் தாகம்” என்றால் மினுல்ல ஒன் யனொ, இங்கே ல்ல. “நான் வாங்கியே ஆக வேண்டும்” என்றால் மினுன் ஒன் பக்கொ ஒஸ்தா, இங்கே உடைமை வடிவம். ஆகவே “க்கு என்றால் இது” என்று ஒற்றை மொழிபெயர்ப்பு எழுதி வைக்காதீர்கள்.

உள்ளே போகும் வடிவத்துக்கு (இல்லாட்டிவ்) மூன்று அச்சுகள் உண்டு. குறில் உயிரில் முடியும் அடிச்சொல் என்றால் அதை நீட்டி ன் சேருங்கள்: தலொ, தலோன். ஒரே அசையில் நெடில் என்றால் இடையில் ஹ் வரும்: மா (நாடு, நிலம்), மாஹன். பல அசைச் சொல்லின் அடி நெடிலில் முடிந்தால் ஸேன்: ஹுஒனெ (அறை) என்பது ஹுஒனேஸேன் ஆகும், எஸ்போ நகரம் எஸ்போஸேன் ஆகும்.

தலொன், தலோன் இரண்டையும் திரும்பப் பாருங்கள். குறிலென்றால் “வீட்டின்”, நெடிலென்றால் “வீட்டுக்குள்”. ஒரு மாத்திரைதான் வேறுபாடு. குறில் நெடில் பழகிய நம் காதுக்கு இது கேட்கும், ஆனால் எழுதும்போது ஓர் எழுத்தை விட்டுவிடுபவர்கள் மிகப் பலர்.

கேள்வி: “ஹெல்ஸிங்கியில்” என்பதற்கு “ஸ்” வரிசை, “தம்பெரெயில்” என்பதற்கு “ல்” வரிசை. இரண்டும் நகரம்தானே?

ஊர்ப் பெயர்களில் வழக்கமே சட்டம். ஹெல்ஸிங்ஙிஸ்ஸ’, துருஸ்ஸ (துர்குவில்), எஸ்போஸ்ஸ, லஹ்டெஸ்ஸ (லஹ்தியில்) ஆகியவை உள்வரிசை. தம்பெரேல்ல, வந்தால்ல, ரொவனியெமெல்ல’ ஆகியவை வெளிவரிசை. முனை, மலை, ஆறு போன்ற நிலப்பெயரில் முடியும் ஊர்கள் பல வெளிவரிசையை எடுக்கும். ஆனால் லஹ்தி என்றால் விரிகுடா, அது உள்வரிசையில் நிற்கிறது. ஊர்ப் பெயரைக் கற்கும்போதே “அங்கே” என்ற வடிவத்தோடு கற்றுக்கொள்ளுங்கள். நாடுகள் பெரும்பாலும் உள்வரிசை: ஸுஒமெஸ்ஸ (ஃபின்லாந்தில்), இந்தியஸ்ஸ. ரஷ்யாவும் சில தீவு நாடுகளும் வெளிவரிசைக்குப் போய்விடும்.

கேள்வி: அகராதியில் “கது” என்று இருக்கிறது. வாக்கியத்தில் “கடுல்ல”, “கடுன்” என்று வருகிறது. பாதிச் சொற்கள் அடையாளமே தெரிவதில்லை. ஏன்?

இந்தக் கேள்விக்குத் தமிழர் எவரும் அஞ்ச வேண்டியதில்லை. நாமும் மரம்+ஐ என்பதை “மரமை” என்று சொல்வதில்லை, மரத்தை என்கிறோம். வீடு வீட்டில் ஆகிறது. உருபு ஏற்கும் உடல் வேறு, தனியே நிற்கும் உடல் வேறு.

இதற்கு ஓர் அழகான சான்று இருக்கிறது. ஃபின்னிஷில் “கூஸி” என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்: எண் 6, ஸ்ப்ரூஸ் மரம். எழுவாயில் வேறுபாடே கிடையாது. உருபு சேர்த்தால் பிரிந்துவிடும். எண் என்றால் கூடென், கூத்த. மரம் என்றால் கூஸென், கூஸ்த. தமிழிலும் அப்படியே. “ஆறு” எண்ணாகவும் நதியாகவும் நிற்கிறது. உருபு சேர்த்தால் எண் “ஆறுக்கு”, நதி “ஆற்றுக்கு”. இரு மொழியிலும் அந்த எண் 6ஆகவே அமைந்தது தற்செயல்தான், ஆனால் இயங்கும் முறை ஒன்று.

இனி விதி. ஒரு சொல்லின் கடைசி அசை மெய்யில் முடியும்படி உருபு சேர்ந்தால், அந்த அசையின் தொடக்கத்தில் நிற்கும் க், த், ப் தளர்கிறது. க-து என்பதில் கடைசி அசை திறந்திருக்கிறது. ன் சேர்ந்ததும் அது மூடிக்கொள்கிறது: க-டுன். தளரும் விதங்கள் இவை. இரட்டை ஒற்றையாகும்: கௌப்ப, கௌபன் (கடை), மத்தொ, மதொன் (விரிப்பு), குக்க, குகன் (பூ). ஒற்றைத் த் ட் ஆகும்: கது, கடுன். ப் வ் ஆகும்: அபு, அவுன் (உதவி). க் பெரும்பாலும் மறைந்தே போகும்: யொகி, யொஎன் (ஆறு). மெல்லினத்தோடும் இடையினத்தோடும் சேர்ந்து வந்தால் வல்லினம் அதிலேயே கரையும்: ரந்த, ரன்னன், கம்ப, கம்மன் (சீப்பு), குல்த, குல்லன் (தங்கம்), பர்த, பர்ரன் (தாடி). ஹெல்ஸிங்கி, ஹெல்ஸிங்ஙின். இந்தக் கடைசி ஒலியை எழுத மற்ற பல எழுத்துமுறைகளில் வழியில்லை. நம் “ங்ங” அதை அப்படியே காட்டிவிடுகிறது.

செய்ய வேண்டியது இவ்வளவு. சொல்லின் உடைமை வடிவத்தை (ஜெனிட்டிவ்) எடுங்கள்: கௌபன். ன் நீக்கினால் கிடைக்கும் “கௌப” தளர்ந்த உடல். ஸ்ஸ, ஸ்த, ல்ல, ல்த, ல்லெ, க்ஸி ஆகியவை இதில்தான் ஒட்டும். இல்லாட்டிவ், எஸ்ஸிவ் (ன உருபு), ஒருமைப் பார்ட்டிட்டிவ் மூன்றும் வலிய உடலிலேயே ஒட்டும்: கௌப்பான், கௌப்பன, கௌப்பா. “கௌபான்” என்று எழுதுவதே வகுப்பில் மிகுதியாகக் காணும் பிழை. இல்லாட்டிவும் ன் என்ற மெய்யில்தானே முடிகிறது, ஏன் தளரவில்லை என்று கேட்கலாம். முற்காலத்தில் அங்கே நடுவில் ஒரு ஹ் இருந்து, கடைசி அசை தனியாக நின்றது. ஹ் போய்விட்டது, அதன் விளைவு மட்டும் தங்கிவிட்டது.

எ-யில் முடியும் சொற்களில் இது தலைகீழ். ஒஸொய்தெ (முகவரி) எழுவாயில் தளர்ந்து நிற்கும். உருபு ஏற்றால் வலுப்பெறும்: ஒஸொய்த்தேன், ஒஸொய்த்தேஸ்ஸ. பார்ட்டிட்டிவில் மட்டும் மீண்டும் தளர்ச்சி: ஒஸொய்தெத்த.

“நென்” என்று முடிபவை அத்தனையும் ஒரே அச்சு: ஹெவொநென் (குதிரை), ஹெவொஸென், ஹெவொஸ்த. “ஃபின்லாந்துக்காரர்” என்பதும் அப்படியே: ஸுஒமலைநென், ஸுஒமலைஸென், ஸுஒமலைஸ்த. ஸி என்று முடிபவற்றில் பழஞ்சொற்கள் உடல் மாறும் (ஊஸி, ஊடென், ஊத்த: புதிய), பிற்காலத்தில் வந்தவை மாறா (லஸி, லஸின், லஸிஅ: கண்ணாடிக் குவளை). ஒற்றை மெய்த் தளர்ச்சியும் புதுச் சொற்களைத் தொடுவதில்லை: ஔதொ, ஔதொன், “ஔடொன்” என்று ஒருவரும் சொல்வதில்லை. இரட்டை மெய் மட்டும் புதுச் சொல்லிலும் தளரும்: பங்க்கி (வங்கி), பங்கின்.

கேள்வி: ஸ்ஸ, ஸ்ஸ’ என்று இரு வடிவம் பார்க்கிறேன். எதை எப்போது?

சொல்லில் அ, ஒ, உ இருந்தால் உருபிலும் அ. அவை இல்லையென்றால் இருபுள்ளி அ. தலொஸ்ஸ, ஆனால் மெத்ஸ’ஸ்ஸ’ (காட்டில்). இ, எ இரண்டும் நடுநிலை. அவை மட்டுமே உள்ள சொல்லும் இருபுள்ளியை எடுக்கும், ஹெல்ஸிங்ஙிஸ்ஸ’ என்பதுபோல. கூட்டுச்சொல்லில் கடைசிப் பகுதியைப் பார்த்தால் போதும். மெரி (கடல்) போன்ற ஓரிரு சொற்கள் பார்ட்டிட்டிவில் மட்டும் விதி மீறும்: மெர்த. இடவடிவத்தில் அதுவும் ஒழுங்குக்கு வந்துவிடும்: மெரெஸ்ஸ’.

கேள்வி: “புத்தகம் வாசிக்கிறேன்” என்பதற்கு லுஎன் கிர்யா என்றும் லுஎன் கிர்யன் என்றும் இரண்டும் சரி என்கிறார்கள். வேறுபாடு என்ன?

ஃபின்னிஷ் இலக்கணத்தின் நெஞ்சுப் பகுதி இது. நிதானமாகப் படியுங்கள்.

லுஎன் கிர்யா: வாசித்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் முடியவில்லை, அல்லது முடிப்பதா என்பது பேச்சே இல்லை. லுஎன் கிர்யன்: முழுவதையும் வாசித்து முடிப்பேன். ஃபின்னிஷில் எதிர்காலத்துக்குத் தனி வினைவடிவம் இல்லை. அந்த வேலையின் ஒரு பங்கைப் பெயர்ச்சொல்லின் உருபே செய்கிறது.

முதலில் மூன்று கேள்விகளை இந்த வரிசையில் கேளுங்கள். ஒன்று: வாக்கியம் எதிர்மறையா? ஆம் என்றால் பார்ட்டிட்டிவ், மேற்கொண்டு யோசிக்க வேண்டாம். என் லுஎ கிர்யா. இரண்டு: செயல் முடிவை எட்டவில்லையா, அல்லது வினையே முடிவில்லாத உணர்வையோ தொடர்ச்சியையோ சொல்வதா? ஆம் என்றால் பார்ட்டிட்டிவ். மூன்று: பொருள் அளவிடாத கொஞ்சமா? ஆம் என்றால் பார்ட்டிட்டிவ். யுஒன் மைதொஅ என்றால் பால் குடிக்கிறேன், ஏதோ கொஞ்சம். மூன்றுக்கும் இல்லை என்றால்தான் முழுப்பொருள் வடிவம்: யுஒன் மைடொன், இருக்கும் அந்தப் பாலை முழுதும் குடிப்பேன்.

தமிழில் “பால் குடித்தேன்”, “பாலைக் குடித்தேன்” என்று ஒரு நிழல் வேறுபாடு நமக்கும் உண்டு. தொடக்கத்தில் அது துணை செய்யும், ஆனால் அதையே அளவுகோலாக வைத்தால் தவறிவிடுவீர்கள். நம் “ஐ” அந்தப் பொருள் குறிப்பானதா என்று பார்க்கிறது. ஃபின்னிஷ் செயல் நிறைவேறியதா என்று பார்க்கிறது. “இந்தப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன்” என்பதில் நமக்கு “ஐ” கட்டாயம், அங்கே பார்ட்டிட்டிவ் கட்டாயம்.

கூர்மையாகப் புரிய ஒரு பழைய பாடப்புத்தக எடுத்துக்காட்டு: அம்முய்ன் கர்ஹுன் என்றால் கரடியைச் சுட்டேன், அது செத்துவிட்டது. அம்முய்ன் கர்ஹுஅ என்றால் கரடியை நோக்கிச் சுட்டேன், என்ன ஆயிற்று என்று சொல்லவில்லை. வினை ஒன்று, காலம் ஒன்று, உருபு மட்டும் வேறு.

சில வினைகள் இயல்பிலேயே பார்ட்டிட்டிவைக் கேட்கும்: நேசித்தல் (ரகஸ்தன் ஸினுஅ), காத்திருத்தல் (ஒடொதன் யுனா), உதவுதல் (ஔதன் ஸினுஅ), பார்த்தல் (கத்ஸொன் எலொகுவா: படம் பார்க்கிறேன்), தேடுதல், அஞ்சுதல். “உனக்கு உதவுகிறேன்” என்ற தமிழ்ப் பழக்கத்தில் ல்லெ போட்டுவிடாதீர்கள்.

இன்னோர் இடம், இது நமக்கு எளிது. எண்ணுப் பெயருக்குப் பின் ஒருமைப் பார்ட்டிட்டிவ்: கொல்மெ கிர்யா, மூன்று புத்தகம். பேச்சுத் தமிழில் “மூணு புத்தகம்” என்று ஒருமையில் சொல்வது நினைவிருக்கட்டும். 1க்கு மட்டும் இது பொருந்தாது. அளவுச் சொற்களுக்குப் பின்னும் அதுவே: கிலொ கலா (ஒரு கிலோ மீன்), லஸி மைதொஅ (ஒரு குவளை பால்).

உருவாக்கம்: அடிச்சொல் ஒற்றைக் குறிலில் முடிந்தால் அ சேரும் (தலொஅ, கிர்யா, கலா). நெடிலிலோ மெய்யிலோ முடிந்தால் த சேரும் (மாத; நைநென், அதாவது பெண் என்பதிலிருந்து நைஸ்த). எ-யில் முடியும் ஹுஒனெ போன்றவை த்த சேர்க்கும் (ஹுஒனெத்த). இந்த உருபு மிகப் பழங்காலத்தில் “இருந்து” என்று பொருள்பட்டது. பாலிலிருந்து குடிக்கிறேன், அதாவது அதில் ஒரு பங்கு, என்று எண்ணிப் பாருங்கள். பார்ட்டிட்டிவின் குணம் முழுதும் விளங்கும்.

கேள்வி: முழுப்பொருளுக்கு ன் என்றீர்கள். ஆனால் “ஒஸ்த கிர்ய!” என்பதில் உருபே இல்லையே?

சரியாகக் கவனித்தீர்கள். ஏவல் வாக்கியத்தில் ஒருமை முழுப்பொருள் உருபின்றி எழுவாய் போலவே நிற்கும்: ஒஸ்த கிர்ய (புத்தகம் வாங்கு). “கட்டாயம்” என்ற கட்டமைப்பிலும் அப்படி: மினுன் ஒன் பக்கொ ஒஸ்தா ஔதொ. செய்தவரைச் சொல்லாத செயப்பாட்டு வாக்கியத்திலும் அப்படி. எழுவாய் வடிவில் ஒருவர் தெளிவாக நிற்கும் வாக்கியத்தில்தான் பொருளைப் பிரித்துக் காட்ட ன் தேவை என்று நினைவில் வைத்தால் மூன்றும் ஒன்றாகிவிடும். பன்மையில் எங்கும் த்: ஒஸ்தின் கிர்யத் (அந்தப் புத்தகங்களை வாங்கினேன்). “என்னை”, “உன்னை”, “யாரை” மூன்றும் எப்போதும் தம் சொந்த வடிவில்: மினுத், ஸினுத், கெநெத். எதிர்மறையானால் இவை எல்லாமே பார்ட்டிட்டிவுக்கு மாறும்.

கேள்வி: என் வாக்கியங்களில் ஆசிரியர் அதிகம் திருத்துவது பெயரடைகளை. எங்கே தவறுகிறேன்?

தமிழ்ப் பழக்கம்தான் காரணம். நமக்கு “பெரிய” எங்கும் பெரியதான்: பெரிய வீடு, பெரிய வீட்டில், பெரிய வீட்டுக்கு. ஃபின்னிஷில் பெயரடையும் அதே உருபை ஏற்க வேண்டும்: இஸொ தலொ, இஸொஸ்ஸ தலொஸ்ஸ, இஸோன் தலோன். சுட்டுச்சொல்லும் சேர்ந்தால் மூன்றும்: துஒஸ்ஸ இஸொஸ்ஸ தலொஸ்ஸ, அந்தப் பெரிய வீட்டில். எண்ணும் தப்பாது: கொல்மெஸ்ஸ தலொஸ்ஸ, மூன்று வீடுகளில்.

மாறாத சில உண்டு: வீமெ (கடந்த), எந்ஸி (அடுத்த), யொக (ஒவ்வொரு), எரி (வெவ்வேறு), கொகொ (முழு). வீமெ வீகொல்ல என்றால் கடந்த வாரம். எழுதி முடித்ததும் ஒவ்வொரு பெயரடையின் கடைசியையும் அதன் பெயரோடு விரல் வைத்து ஒப்பிடுங்கள். ஒரு மாதம் இதைச் செய்தால் கை தானாகப் பழகும்.

கேள்வி: “ஆசிரியராக” என்பதற்கு ஒபெத்தயன, ஒபெத்தயக்ஸி என்று இரண்டு ஏன்?

நம் “ஆக” இரண்டு வேலை செய்கிறது. “ஆசிரியராக இருக்கிறார்” என்பது நிலை; அதற்கு எஸ்ஸிவ், ஒபெத்தயன. “ஆசிரியராக மாறினார்” என்பது மாற்றம். அதற்கு ட்ரான்ஸ்லாட்டிவ், ஒபெத்தயக்ஸி. “ஸுஒமெக்ஸி” என்றால் ஃபின்னிஷ் மொழியில் (சொல்வது). “வீகொக்ஸி” என்றால் ஒரு வார காலத்துக்கு.

எஸ்ஸிவ் கிழமைகளுக்கும் வரும்: மானந்தைன, திங்கட்கிழமை அன்று. ஒருகாலத்தில் இது இடத்தைச் சுட்டிய உருபு. அதன் எச்சம் கொதொன (வீட்டில், தன் இல்லத்தில்), உல்கொன (வெளியே) என்ற சொற்களில் உறைந்திருக்கிறது. ஆகவே “கொதி” என்ற சொல்லுக்கு, “வீட்டில் இருக்கிறேன்” என்று சொல்லக் கொதொன என்பதே இயல்பு.

கேள்வி: எந்த வினைக்கு எந்த வேற்றுமை என்பதற்கு விதி உண்டா?

பாதி உண்டு. ஃபின்னிஷ் மனம் இடத்தை அசைவாகவே பார்க்கிறது. கடையில் வாங்கினேன் என்றால், பொருள் கடையிலிருந்து வெளிவருகிறது: ஒஸ்தின் கிர்யன் கௌபஸ்த. கடையில் பையை மறந்துவிட்டேன் என்றால், பை அங்கே போய்த் தங்கிவிட்டது: உனொஹ்டின் லௌகுன் கௌப்பான். கண்டெடுத்தல் “ஸ்த” கேட்கும், தங்கிவிடுதல் இல்லாட்டிவ் கேட்கும். ஒருவரிடம் கேட்பதும் வாங்குவதும் “ல்த”: ஒபெத்தயல்த. நம் “இடம்” என்பதைப் பார்த்து ல்ல போட்டால் பொருளே மாறும். ஒபெத்தயல்ல ஒன் ஔதொ என்றால் ஆசிரியரிடம் கார் இருக்கிறது, அதாவது அவருக்குச் சொந்தம். இல்லை என்று சொன்னால் இங்கும் பார்ட்டிட்டிவ்: ஒபெத்தயல்ல எய் ஒலெ ஔதொஅ.

மறுபாதி மனப்பாடம். காப்பி பிடிக்கும் என்பது பிட’ன் கஹ்விஸ்த, பிடித்தலுக்கு “ஸ்த”. “ஃபின்னிஷ் பேசுகிறேன்” என்றால் பார்ட்டிட்டிவ், ஸுஒமெஅ. “ஃபின்லாந்தைப் பற்றிப் பேசுகிறேன்” என்றால் ஸுஒமெஸ்த. வினையைத் தனியாக எழுதி வைக்காமல், ஒரு பெயரோடு சேர்த்துச் சிறு வாக்கியமாகவே குறிப்பேட்டில் எழுதுங்கள்.

நமக்கு இலவசமாகக் கிடைக்கும் ஒன்று: பின்னொட்டுச் சொற்கள். “வீட்டின் பின்னால்” என்பது தலொன் தகன, “காரின் அடியில்” என்பது ஔதொன் அல்ல. சொல் வரிசையும் உடைமை உருபும் தமிழ் போலவே.

கேள்வி: பன்மைப் பார்ட்டிட்டிவ் எனக்கு எப்போதும் தவறுகிறது. கிர்ய என்பது கிர்யொய, கொய்ர என்பது கொய்ரிஅ. ஒழுங்கு உண்டா?

உண்டு. இரண்டசைச் சொல், கடைசியில் அ. முதல் அசையின் முதல் உயிரைப் பாருங்கள். அது அ, எ, இ என்றால் கடைசி அ ஒ-வாகும்: கிர்ய, கிர்யொய; கல, கலொய (மீன்கள்); கௌப்ப, கௌப்பொய. அது ஒ, உ என்றால் கடைசி அ உதிரும்: கொய்ர, கொய்ரிஅ (நாய்கள்), முன, முனிஅ (முட்டைகள்), குக்க, குக்கிஅ. இட உருபுகளிலும் இதே உடல்: கிர்யொய்ஸ்ஸ, கொய்ரிஸ்ஸ. இருபுள்ளி அ என்றால் எப்போதும் உதிரும். மூன்றசைச் சொற்களில் இந்த வாய்ப்பாடு செல்லாது: ஒபெத்தயிஅ (ஆசிரியர்கள்), ஆனால் கஹ்விலொய்த (காப்பிக் கடைகள்).

கேள்வி: அரிதான மூன்று எவை? படிக்காமல் விடலாமா?

பேச விடலாம், படிக்கும்போது அடையாளம் தெரிய வேண்டும். “இன்றி” என்ற அபெஸ்ஸிவ்: ரஹத்த, பணமின்றி, பேச்சில் இல்மன் ரஹா என்பார்கள். “உடன்” என்ற கொமிட்டாட்டிவ் எழுத்துநடைக்கு உரியது, பேச்சில் உடைமை வடிவத்தோடு கன்ஸ்ஸ சேர்ப்பார்கள்: ஒபெத்தயன் கன்ஸ்ஸ, ஆசிரியருடன். இன்ஸ்ட்ரக்டிவ் என்பது யலன் (நடந்து, காலால்) போன்ற உறைந்த தொடர்களில் வாழ்கிறது.

கேள்வி: ஒரு புதிய பெயர்ச்சொல்லைக் கற்கும்போது எதை எழுதி வைக்க வேண்டும்?

நான்கு வடிவங்கள்: எழுவாய், உடைமை, ஒருமைப் பார்ட்டிட்டிவ், பன்மைப் பார்ட்டிட்டிவ். கௌப்ப, கௌபன், கௌப்பா, கௌப்பொய. முதலும் மூன்றும் வலிய உடலைக் காட்டும், இரண்டாவது தளர்ந்த உடலை, நான்காவது பன்மை உடலை. மற்ற எல்லா உருபையும் இவற்றிலிருந்து நீங்களே வருவித்துக்கொள்ளலாம். ஐயம் வந்தால் ஃபின்லாந்தின் உள்நாட்டு மொழிகள் நிறுவனமான கொதுஸ் இணையத்தில் இலவசமாகத் தரும் அகராதியைத் திறந்து, அந்தச் சொல்லின் வடிவ அட்டவணையைப் பாருங்கள். வீதியில் கேட்பது அட்டவணைபோலவே இருக்காது. மினுல்ல என்பது முல்ல ஆகும், ஹெல்ஸிங்கீன் என்பதில் கடைசி ன் உதிரும். எழுத்து வடிவம் கையில் உறைந்தபின் அவை தாமாகக் காதில் பிடிபடும்.